ரெண்டாவது ட்ரிப்

எனக்கு ஆறு பிள்ளைகள். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வாயைப் பிளப்பார்கள். அடுத்து "ஆறா?" என்பார்கள். அப்புறம் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார்கள். பஸ்ஸிலும் இதுதான், ஆஸ்பத்திரி வரிசையிலும் இதுதான். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. இப்போதெல்லாம் "ஆமா, ஆறுதான். உங்க வீட்டு சோத்தயா துன்னுதுங்க?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. நானும் வீட்டுக்காரரும் உப்பளத்தில்தான் வேலை செய்கிறோம். அவர் பாத்தியில் உப்பு வாருவார், நான் தலையில் சுமந்து கரையில் கொட்டுவேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் இருட்டோடு கிளம்பிவிடுவோம். திரும்பி வரும்போது வீட்டுக்குள் ஒரு சந்தையே நடந்துகொண்டிருக்கும். ஒருத்தன் செருப்பு இன்னொருத்தன் காலில் இருக்கும். ஒருத்தி சட்டைப் பித்தானை ஒருத்தன் விழுங்கிவிட்டதாகப் புகார் வரும். முதல் வருஷங்களில் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு ஒரு கட்டத்தில், இதுதான் நம் வீடு, இப்படித்தான் இருக்கும் என்று மனசு தானாகவே ஒத்துக்கொண்டது. சத்தம் இல்லாமல் இருந்தால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

அவசரத்தில் ஒன்றைக் கூப்பிட்டால் இன்னொன்றின் பெயர் வாயில் வரும். அதனால் பெயரையே விட்டுவிட்டோம். மூத்தவள் பெரியவள். அப்புறம் ரெண்டாவது, மூணாவது, நாலாவது, அஞ்சாவது. கடைசியாகப் பிறந்தவன் கடைக்குட்டி. நாலாவது பெண், மற்ற நடுப் பிள்ளைகள் எல்லாம் பையன்கள்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பைக். கல்யாணமோ ஊசி போடுவதோ, எங்கே போனாலும் ரெண்டு ட்ரிப்தான். முதல் ட்ரிப்பில் அழுகிறவர்களும் அடம்பிடிக்கிறவர்களும் போவார்கள். நான் தலைகளை எண்ணி, "சரியா இருக்குது, எடுங்க" என்றால் வண்டி கிளம்பிவிடும். மிச்சம் இருப்பவர்கள் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது, அப்பா திரும்பி வருவார். இது எங்கள் வீட்டுச் சட்டம். நாலாவது அழவும் மாட்டாள், அடம்பிடிக்கவும் மாட்டாள். அதனால் அவள் எப்போதும் ரெண்டாவது ட்ரிப். வண்டி வரும்வரை கல் பொறுக்கி விளையாடிக்கொண்டிருப்பாள். "தங்கமான பொண்ணு" என்று தெருவில் எல்லோரிடமும் நான் பெருமை அடித்துக்கொள்வேன்.

போன வருஷம் பிள்ளைகள் எல்லாம் வரிசையாகக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார்கள். ஈரத்துணி பிழிந்து பிழிந்து என் கை வெளுத்துப்போனது. அந்தப் பயத்தில் குலசாமியிடம் வேண்டிக்கொண்டேன்: எல்லாத் தலையும் உனக்குத்தான் சாமி, உசுரோட குடுத்துடு. சாமி கொடுத்துவிட்டது. இந்த வருஷம் வேண்டுதலை நிறைவேற்றக் கிளம்பினோம்.

குலசாமி கோயில் கீழ்புத்துப்பட்டில் இருக்கிறது. இத்தனை பேரோடு பொங்கல் பானையும் விறகும் போக வேண்டும் என்பதால், உப்பளத்து முதலாளியிடம் மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டியைக் கேட்டு வாங்கினார் வீட்டுக்காரர். வாழ்க்கையில் முதல்முறையாக நாங்கள் எல்லோரும் ஒரே ட்ரிப்பில் போனோம். பிள்ளைகள் பின்னால் நின்றுகொண்டு கத்திய கத்தலில் ஈசிஆர் ரோட்டில் போன கார்க்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவள் வயசுப் பெண், அவளுக்கு நுனியில் கொஞ்சம் வெட்டிப் பூமுடி மட்டும் கொடுத்தோம். மற்ற ஐந்துக்கும் மொட்டை. எல்லோருக்கும் ஒரே துணியில் எடுத்து ஒரே டெய்லரிடம் தைத்த மஞ்சள் சட்டை. நாலாவதுக்கும் பாவாடை தைக்காமல் பையன்களைப் போலவே சட்டையும் டவுசரும் தைத்துவிட்டேன். துணி மிச்சமாகும், பிறகு தம்பிக்கும் ஆகும் என்ற கணக்குதான். மொட்டை போட்டுத் தலை முழுக்கச் சந்தனம் தடவி நிறுத்தியபோது வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உரிச்ச நொங்காட்டம் இருக்குதுங்க. எது எதுன்னு எனக்கே தெரியல."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பொங்கல் வைத்துப் படைத்து, சாப்பிட்டு முடிப்பதற்குள் வண்டியைத் திருப்பித் தரச் சொல்லி முதலாளியிடமிருந்து போன் வந்துவிட்டது. மாலையில் உப்பு லோடு இருக்கிறதாம். ஆளுக்கொரு பக்கம் ஓடி, பானையை ஏற்றி, பாயைச் சுருட்டி, பிள்ளைகளை அள்ளிப் போட்டோம். நானும் பெரியவளும் கடைக்குட்டியும் முன்னால் டிரைவர் சீட் பக்கத்தில். மற்ற நாலும் பின்னால். ஏறுவதற்கு முன் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டே பின்பக்கம் போய் எண்ணினேன். மஞ்சள் சட்டை, சந்தன மண்டை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பொரிப் பையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

"சரியா இருக்குது, எடுங்க" என்றேன்.

வீட்டில் இறக்கிவிட்டு, குட்டியானையை உப்பளத்தில் சேர்க்க வீட்டுக்காரர் போய்விட்டார். காய்ந்த சந்தனம் தலையணையெல்லாம் ஒட்டும் என்று பிள்ளைகளைக் கொல்லையில் குழாயடியில் வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொரு தலையாகத் தேய்த்துக் கழுவினேன். என் பிள்ளைகள் மண்டை என் கைக்குத் தெரியும். ரெண்டாவதுக்கு உச்சியில் ரெண்டு சுழி. மூணாவதுக்கு நெற்றி மேல் ஒரு தழும்பு. அஞ்சாவது மண்டை கொஞ்சம் நீட்டு. நாலாவதுக்குப் பின்னந்தலை நல்ல உருண்டை, அவள் குழந்தையாக இருக்கும்போது நானே தடவித் தடவி உருட்டியது.

கடைசித் தலையில் கை வைத்தேன். பின்பக்கம் பலகைபோலத் தட்டையாக இருந்தது.

தாடையைப் பிடித்துத் திருப்பினேன். நான் பிறந்ததிலிருந்து பார்த்தே இராத ஒரு முகம். ஏழு வயசுப் பையன், அவனும் வேண்டுதலுக்கு மொட்டை போட்டு மஞ்சள் சட்டை போட்டவன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னான்:

"தண்ணி சில்லுன்னு இருக்குது ஆன்ட்டி."

நான் போட்ட கத்தலில் பெரியவள் உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அவளும் அந்த முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாலாவது எங்கம்மா?" என்று அவள் கேட்ட பிறகுதான் எனக்கு அதுவே உறைத்தது. அதுவரைக்கும் ஒன்று கூடிவிட்டது என்றுதான் புத்தியில் பட்டது, ஒன்று குறைகிறது என்று படவில்லை. குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: கிளம்புகிற அவசரத்தில் "சொம்பக் கழுவினு வாடி" என்று அவளை அனுப்பியதே நான்தான்.

ரெண்டாவது, மூணாவது ரெண்டு பேரையும் பிடித்து உலுக்கினேன். "டேய், கூட ஒக்காந்துக்கினு வந்தவன் யாருன்னு கூடவாடா கேக்கல?"

"பொரி கேட்டான், ஏறிக்கோன்னு சொன்னோம். சொந்தக்காரப் பையன்னு நெனச்சோம்" என்றான் ரெண்டாவது.

"தங்கச்சி இல்லன்னு தெரியலயாடா?"

"அவ முன்னால ஒங்கூட இருக்கறான்னு நெனச்சோம். நீதானம்மா எண்ணுன?" என்றான் மூணாவது.

அவனை அடிக்க ஓங்கிய கை அப்படியே கீழே விழுந்துவிட்டது.

அந்தப் பையனிடம் அவன் ஊரைக் கேட்டேன். பெருமுக்கல் பக்கம் என்றான். அப்பா போன் நம்பர் தெரியும், ஆனால் கடைசி ரெண்டு நம்பர் மறந்துவிட்டது என்றான். அழவே இல்லை. வீட்டில் தனக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது என்றும், வண்டியில் வந்தது ஜாலியாக இருந்தது என்றும், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா என்றும் கேட்டான்.

வீட்டுக்காரர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. உடனே பைக்கைத் திருப்பினார். பையனை நடுவில் உட்கார வைத்து நான் பின்னால் ஏறினேன். பெரியவளிடம் மற்றவர்களை விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொள் என்று சொல்லக்கூட மறந்து கிளம்பிவிட்டேன்.

அந்த ரோட்டில் நான் நூறு தடவை போயிருப்பேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் எனக்கு எமனாகத் தெரிந்தது. என்னைத் தேடி ரோட்டுக்கு ஓடி வந்திருப்பாளோ? கடல் பக்கம் போயிருப்பாளோ? யாராவது மிட்டாய் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தால்? காய்ச்சலில் உயிரோடு கொடு என்று கேட்டு வாங்கின பிள்ளையை, வாங்கின இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா? "சாமி, சாமி" என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த பையன், "ஆன்ட்டி, நெஞ்சு டம்டம்னு அடிக்குது உங்களுக்கு" என்றான்.

கோயில் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவர் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். பைக்கிலிருந்து பையன் இறங்கியதும் அவள் எழுந்து பாய்ந்து வந்தாள். முதுகில் ரெண்டு போட்டாள், அப்புறம் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"பெத்த புள்ளைக்கும் பெறாத புள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

வேறு நாளாக இருந்தால் அவளை நார் நாராகக் கிழித்திருப்பேன். அன்றைக்கு என் கண் அவள் மேலேயே இல்லை. "என் பொண்ணு, மொட்ட போட்ட பொண்ணு, மஞ்சச் சட்ட..." என்று உளறிக்கொண்டே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அந்தப் பெண் திட்டுவதை நிறுத்தினாள். என் கையைப் பிடித்து, "அந்தப் பொண்ணு உன்னுதா?" என்று கேட்டாள். அவளே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

குட்டியானை நின்றிருந்த அதே இடத்தில், கழுவிய சொம்பை மடியில் வைத்துக்கொண்டு நாலாவது உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூழாங்கற்களை அடுக்கி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டுக் கற்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் அழுதுக்கினு இருக்கறேன், இது வந்து என் பக்கத்துல நின்னுச்சு. 'அழாதீங்க அத்த, ஒங்க பையன் எங்கனா மிச்சமா நின்னுக்கினு இருப்பான், ரெண்டாவது ட்ரிப்புல வந்துடுவான்'னு சொல்லுச்சு. சொல்லிட்டு இங்க வந்து ஒக்காந்துக்கிச்சு. இன்னா ட்ரிப்பு, ஏது ட்ரிப்புன்னு ஒண்ணும் புரியல. கடுப்புல அதையும் திட்டிட்டன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க. அத வெச்சே என்னால முடியல."

நான் நாலாவதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அந்த வயசுப் பிள்ளையை நான் இடுப்பில் தூக்கியது கிடையாது, அவளுக்கே கூச்சமாக இருந்தது. பின்னந்தலையைத் தடவிப் பார்த்தேன். உருண்டையாக இருந்தது. அப்போதுதான் எனக்கு ஓவென்று அழுகை வந்தது.

"ஏண்டி, வண்டி கெளம்பும்போது ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"நீ எண்ணுனம்மா. சரியா இருக்குது, எடுங்கன்னு சொன்ன. எனக்குக் கேட்டுச்சு."

"நீ இல்லாம எப்படிடி சரியா இருக்கும்?"

"நான் ரெண்டாவது ட்ரிப்புதானே" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை, பயம்கூட இல்லை. சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அதுதான் இடி விழுந்ததுபோல் இருந்தது. அவள் பயந்து நடுங்கியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார். அவளை என்னிடமிருந்து வாங்கி பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்தார். எங்கள் வீட்டில் அந்த இடத்துக்குத்தான் அடிதடியே நடக்கும்.

"இது தம்பி எடம்பா" என்றாள்.

"இன்னிக்கு ஒன் எடம்" என்றார்.

நான் பின்னால் ஏறினேன். சொம்பை என் மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் வண்டியை உதைத்துவிட்டு, பழக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார், எண்ணுவதற்காக. "இனிமே நான் எண்ண மாட்டேன். அவளே எண்ணட்டும்" என்றேன்.

நாலாவது டேங்க் மேலிருந்து திரும்பினாள். பெரிய பொறுப்பு வந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அவர் நெஞ்சில் விரலை வைத்து "அப்பா ஒண்ணு" என்றாள். அவர் தோளுக்கு மேல் எட்டி, என்னைக் காட்டி "அம்மா ரெண்டு" என்றாள். ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள்.

"சரியா இருக்குது, எடுங்க" என்றாள்.

"மூணுடி!" என்று நான் அலறிய அலறலில், வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தவர்கூடப் பதறி எழுந்துவிட்டார்.