முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு

ஓவியர்களுக்கு மாடலாக நிற்பவள் லியோந்தின். படியேறும்போதே காலுறை நாடாக்களைத் தளர்த்திவிடுவாள். ஓவியக்கூடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, இடுப்புக் கச்சையையும் கழற்றி எறிந்துவிட்டு, அடுப்பருகே போர்வைக்குள் சுருண்டுகொள்வாள். நாடா பதிந்த சிவப்புத் தடங்கள் மறைய வேண்டும். "வீனஸ் தேவதை என்ன காலுறையோடயா கடல்லேருந்து எந்திரிச்சு வந்தா?" என்பாள்.

தடம் மறைந்தால் படத்தில் அவள் தேவதை. பாரிஸே குடும்பத்தோடு வந்து வருடாந்தர ஓவியக் கண்காட்சியில் பார்த்துப் பூரிக்கும். மறையாவிட்டால் உடுப்பை அவிழ்த்த எவளோ ஒருத்தி. கண்காட்சியின் தேர்வுக்குழு படத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதற்கு நின்றவளைத் தேவதையாக நிற்க அப்புறம் எவனும் கூப்பிடமாட்டான்.

மேடையில் சுண்ணக்கட்டியால் வரைந்த பாத அடையாளத்துக்குள் கால் வைத்துவிட்டால் அவள் கல். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள். கூடத்தில் வரைகிற பையன்களிடம் வாய் மட்டும் ஓயாது. "அடேய், அடுப்புல கரி போடுங்கடா. கடல்தேவதை தும்மி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

வருஷம் தவறாமல் கண்காட்சிக்குப் போய்த் தன்னைத் தேடுவாள். "இடுப்பு என்னுது. மூஞ்சி எந்த வக்கீல் பொண்டாட்டியுதோ! வயித்துல புள்ள பெத்த வரி கெடந்துச்சே, அத எவன் இஸ்திரி போட்டான்?" சிரிப்பாள். சிரித்த பிறகும் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பாள்.

இந்தக் குளிர்காலத்தில் கண்காட்சிக்காக அவளை வரைகிறவன் ஒக்தாவ். நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவன். அன்று பனியில் குதிரைவண்டி தாமதம். தடம் மறையுமுன்பே மேடையேறிவிட்டாள். ஓய்வு நேரத்தில் போர்வையோடு இறங்கிவந்து படத்தைப் பார்த்தாள். இடது முழங்காலுக்குக் கீழே மெல்லிய சிவப்புக் கோடு. வயிற்றில் வரிகள். முகமும் அவளுடையதே.

"என்னடா தம்பி இது? என் சோத்துல மண்ணள்ளிப் போடுறியா?"

"இருந்துச்சுக்கா... இருந்ததத்தான் போட்டேன்." அவன் காது சிவந்துவிட்டது.

"தேர்வுக்குழு எதுக்கு? நேரா போலீசுக்கே அனுப்புடா!" என்று கூடத்திலிருந்த மற்ற பையன்கள் கத்தினார்கள்.

ஒக்தாவ் சாயம் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்த துணியை எடுத்தான். "தொடச்சிடறேன்க்கா."

அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். படத்தையே பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். அதில் கோடு மறைந்துபோயிருந்தது.

துணியை அடுப்பில் போட்டாள். நாற்காலியில் கிடந்த நாடாவை எடுத்து இடது முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, சற்றுப் பொறுத்து அவிழ்த்துவிட்டு, சுண்ண அடையாளத்துக்குள் கால் வைத்து நின்றாள்.