அவர் தூக்கின உசரம்

அந்த டாக்டரை நெனைச்சா இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது.

அப்பல்லாம் பஸ்ஸுக்கு முன்னால நின்னு ஹேண்டிலைச் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஒருநாள் அது திருப்பி அடிச்சதுல என் வலது தோள் போயிடுச்சு. கையைத் தூக்க முடியலை. கீரனூர் வழியா திருச்சிக்கு வண்டி ஓட்டிக்கிட்டிருந்தவன் நான். பொய் சொல்றேனான்னு பாத்துச் சொல்லச் சொல்லி பஸ் முதலாளி அந்த டாக்டர்கிட்ட அனுப்பினார்.

மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. கேள்வியும் அவரே கேப்பார், பதிலும் அவரே சொல்லிக்குவார்.

"வலிக்குதா? வலிக்கலை."

வளையல்காரர் மாதிரி பதமாப் பிடிச்சு, என் கையைக் காது உரசுற வரைக்கும் தூக்கினார்.

"நல்லாத்தானே போகுது? போகுது."

"நீங்க தூக்குறீங்க, போகுதுங்க. விட்டுட்டுப் பாருங்க!"

விட்டார். கை மேஜைமேல தொப்புனு விழுந்து மைக்கூடு கவுந்துச்சு. அவர் என் தோளைப் பாக்கலை, கோட்டுல மை பட்டிருக்கான்னு பாத்தார்.

"நடிக்கிறியா? நடிக்கிறே."

வேலைக்கு லாயக்குன்னு எழுதிக் குடுத்துட்டார். வளைவுல ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாம மறுவாரமே வேலை போச்சு.

அவ்வளவு பதமாத் தொடத் தெரிஞ்ச மனுஷன், விட்டதும் விழுந்ததை ஏன் பாக்கலை? இன்னும் புரியலை. அன்னைக்கு அவர் தூக்கின உசரத்துக்கு என் கை அப்புறம் போனதே இல்லை.