விறைப்பாக நின்ற வண்டி

ஜொவிட்டாவுக்கு வண்டி ஓட்டப் பயமில்லை. நிறுத்திவிட்டுப் போகத்தான் பயம்.

தம்பி ஆண்ட்ரூ மஸ்கட்டுக்குப் போனபோது அவளிடம் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் அது. தேனாம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. விடிந்ததும் சாந்தோமிலிருந்து கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரைக்காரர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். வண்டியில்லாமல் ஆகாது. ஆனால் ஜொவிட்டா குள்ளம். சீட்டில் உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடவில்லை. மந்தைவெளி மெக்கானிக் ஆதில், பின்பக்க ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டுக் கட்டையான ஒரு ஜோடியை மாட்டி வண்டியை இறக்கிக் கொடுத்தான். கால் எட்டியது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

வண்டி இறங்கியதே தவிர, சைடு ஸ்டாண்ட் பழைய நீளத்திலேயே இருந்தது. இடப்பக்கம் சாய்ந்து, பாரத்தை ஸ்டாண்டின் மேல் போட்டு நிற்க வேண்டிய வண்டி, கொடியேற்றும்போது நிற்கும் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றது. வலப்பக்கமாக லேசாகத் தள்ளினால் போதும், போய்விடும். நடு ஸ்டாண்டில் ஏற்றலாமென்றால், வண்டி தாழ்ந்த பிறகு அதை இழுத்து ஏற்ற அவள் உடம்பில் தெம்பு போதவில்லை.

கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து இறங்கி வந்தபோது வண்டி தெருவில் வலப்பக்கமாக விழுந்து கிடந்தது. கண்ணாடி நொறுங்கியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தால்? அந்த எண்ணம் அவளுக்குள் புகுந்தது, பிறகு வெளியே போகவேயில்லை. எங்கே நிறுத்தினாலும் வலப்பக்கம் சுவர் இருக்கிறதா, தரை இடப்பக்கம் சரிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். சீட்டை அழுத்துவாள், நாலு அடி போவாள், திரும்பி வந்து மறுபடி அழுத்துவாள். ஆதிலிடம் சொன்னாள். "ஸ்டாண்ட வெட்டி ஒட்டணும்க்கா, ஒரு நாள் வண்டிய உட்டுட்டுப் போ" என்றான். அந்த ஒரு நாளைத்தான் அவளால் ஒதுக்க முடியவில்லை.

மந்தைவெளியில் சுவாமிநாதன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு ரத்தம் எடுக்கப் போன அன்று, தெருவில் சுவரோரமெல்லாம் வண்டிகள். புதிதாகப் போட்ட ரோடு, பலகை மாதிரி சமதளம். வேறு வழியில்லாமல் நடைபாதையை ஒட்டி நிறுத்திவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி முதல் மாடிக்கு ஏறினாள்.

சுவாமிநாதன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். "நரம்பே கெடைக்கலேன்னு போன தடவை வந்தவன் ரெண்டு எடத்துல குத்திட்டான். நீ பார்த்துண்டு குத்தும்மா."

ரப்பர் பட்டையைக் கட்டி, தடவிப் பார்த்து, ஊசியை ஏற்றினாள். முதல் குப்பி நிறைந்தது. இரண்டாவதைச் செருகிவிட்டு, வழக்கம்போல ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள்.

வண்டியின் வலப்பக்க நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் தேசம்மா. அந்தப் பக்கத்துத் தெருக்களில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். மீன் குண்டானை இறக்கி வைத்துவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டியபடி, காலை நீட்டி இளைப்பாறிக்கொண்டிருந்தாள்.

எழுந்திருக்கச் சொல்ல ஜொவிட்டா வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற ஸ்கூட்டரை ஒரு ஆள் வெளியே எடுத்தான். முதுகில் சாப்பாடு கொண்டுபோகும் பெரிய பை. அந்தப் பை ஜொவிட்டாவின் வண்டி ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போனது. அவனுக்குத் தெரியவேயில்லை. வண்டி ஒரு தரம் ஆடியது. பிறகு வலப்பக்கமாகப் போனது, திரும்பவில்லை. மெதுவாக, ஏதோ யோசித்தபடி வருவதுபோல வந்து, தேசம்மாவின் முதுகில் சாய்ந்து நின்றது.

மாடியிலிருந்து பார்த்தபோது ஸ்டாண்டின் நுனிக்கும் ரோட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"யம்மா! யார்ரா அது?" தேசம்மா திரும்ப முயன்றாள்.

"அக்கா, அசையாதீங்க! அப்படியே இருங்க! வந்துட்டேன்!"

கத்தியது தன் குரல்தானா என்று ஜொவிட்டாவுக்கே சந்தேகம். ஊசி இன்னும் கிழவரின் கையில் இருந்தது. அப்படியே போட்டுவிட்டு ஓட முடியாது. பட்டையை அவிழ்த்தாள். பாதி நிறைந்த குப்பியை உருவினாள். பஞ்சை வைத்து ஊசியை எடுத்து டப்பாவுக்குள் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு யுகம் ஆவதுபோல இருந்தது.

"நான் அழுத்திண்டிருக்கேன், நீ போ! ஓடு!" என்றார் சுவாமிநாதன்.

மாடிப்படியில்தான் அவளுக்கு உயிர் போனது. அங்கிருந்து தெரு தெரியாது. காது மட்டும்தான். இப்போது வண்டி விழும் சத்தம் கேட்கும், இதோ கேட்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினாள். மாதாவே, மாதாவே என்பதற்குமேல் ஜெபம் வரவில்லை.

வண்டி விழவில்லை. தேசம்மா இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, முன்னால் மடங்கிப்போய், முழுப் பாரத்தையும் முதுகில் தாங்கிக்கொண்டிருந்தாள். டேங்க் மூடியின் ஓரம் கசிந்து பெட்ரோல் வாடை அடித்தது. சற்று முன் நிறுத்திய வண்டியாதலால் சைலன்சர் இன்னும் கொதித்தது. அது அவள் இடுப்புக்கு அருகே சேலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சுடுதும்மா... மூச்சு உட முடில..."

அந்தப் பக்கம் தேசம்மாவும் குண்டானும் இருந்ததால் போய்த் தூக்க இடமில்லை. இடப்பக்கம் நின்று தன்னை நோக்கித்தான் இழுக்க வேண்டும். இழுக்கும்போது ஸ்டாண்ட் மடங்கிக்கொண்டால் வண்டி ஜொவிட்டாவின் மேலேயே விழும். செருப்புக் காலால் ஸ்டாண்டை முன்பக்கமாக அழுத்திப் பிடித்தாள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்பக்கக் கம்பியில்.

"அக்கா, நான் சொல்றப்ப முதுகால தள்ளுங்க. தள்ளுங்கக்கா!"

வண்டி கொஞ்சம் எழுந்தது, நின்றது, மறுபடி தேசம்மா பக்கமே போகப் பார்த்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது ஜொவிட்டாவுக்கு. அவளுக்குள் யாரோ "விட்டுடு" என்றார்கள். விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் விடவில்லை. தேசம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் உறுமல் உறுமினாள். வண்டி வந்தது. ஸ்டாண்ட் ரோட்டில் டக்கென்று உட்கார்ந்தது. அப்போதும் ஜொவிட்டா கையை எடுக்கவில்லை. எதிர்வீட்டு ஆள் ஓடிவந்து வண்டியைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் எடுத்தாள்.

தேசம்மா நகர்ந்து உட்கார்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆளக் கொல்றதுக்கா வண்டிய நிறுத்திட்டுப் போற? நான் குந்திகினு கீறேன், மேல வந்து வுழுது! என் தலையில வுழுந்திருந்தா நீயா வந்து என் வூட்டுக்கு ஒல வைப்ப?"

ஜொவிட்டா குனிந்து அவள் இடுப்பைப் பார்த்தாள். சேலை பொசுங்கி, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது. சுவாமிநாதன் பஞ்சை அழுத்தியபடியே மாடியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரோடு இறங்கி வந்தார். ஜொவிட்டா தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஆட்டோ பிடித்துப் பக்கத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்டோவில்தான் அவள் பற்கள் கிடுகிடுக்க ஆரம்பித்தன. தேசம்மா அதைப் பார்த்தாள். திட்டுவதை நிறுத்திவிட்டு, "சரி உடு, உயிரோட தான கீறேன்" என்றாள்.

மிச்சமிருந்த வீடுகளுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டு, ஜொவிட்டா வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே ஆதிலின் கடைக்குப் போனாள். அவன் எல்லாவற்றையும் கேட்டான். குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தான்.

"ஷாக் மாத்துனப்பவே ஸ்டாண்டயும் பாத்திருக்கணும்க்கா. எம்மேலயும் தப்பு." ரம்பத்தை எடுத்தவன் தயங்கினான். "எவ்ளோ வெட்டறதுன்றதுதான்... ஜாஸ்தியாப் போச்சுன்னா இந்தப் பக்கம் படுத்துக்கும்."

"அப்ப வெட்டாத!" ஜொவிட்டா அவன் கையைப் பிடித்துவிட்டாள். "எவ்ளோன்னு வெட்டாம பாக்க வழியே இல்லையா?"

இருவரும் யோசித்தார்கள். கடை மூலையில் கிடந்த மெல்லிய பலகைகளை ஆதில் எடுத்து வந்தான். இரண்டு டயருக்கும் அடியில் ஒவ்வொரு பலகை. ஸ்டாண்டின் கால் மட்டும் தரையிலேயே. டயர் உயர்ந்த அளவுக்கு ஸ்டாண்ட் குட்டையான மாதிரி. வண்டி சற்றே இடப்பக்கம் சாய்ந்தது. ஜொவிட்டா தள்ளிப் பார்த்தாள். போதவில்லை. இன்னொரு அடுக்குப் பலகை வைத்தார்கள். இப்போது பார்க்கும்போதே பாரம் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பலகைகளின் கனத்தை ஆதில் ஸ்டாண்டில் சாக்பீஸால் குறித்தான்.

பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு வேண்டாமென்று, ஸ்டாண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு நாலு கடை தள்ளியிருந்த வெல்டிங் பட்டறைக்குப் போனான். ஜொவிட்டா தெருவின் எதிர்ப்பக்கமே நின்றாள். பொறி பறந்தபோதெல்லாம் ஒரு அடி பின்னால் போனாள். நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு ஒட்டி, அடியில் இருக்கும் தட்டையும் தரையோடு படியும்படி திருப்பி வைத்தார்கள்.

மாட்டியதும் அவள் வலது கையால் தள்ளினாள். வண்டி அசைந்து, தானாகவே ஸ்டாண்டுக்குத் திரும்பியது. தோளால் தள்ளினாள். திரும்பியது. இன்னொரு தரம். இன்னொரு தரம்.

"போதும்க்கா, நீயே தள்ளி வுழவச்சுடுவ போலகீது" என்றான் ஆதில்.

இரண்டாவது குப்பியில் ரத்தம் போதவில்லை என்று பரிசோதனை நிலையத்தில் சொன்னதால், அவள் மறுபடி சுவாமிநாதன் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. தேசம்மா அதே தெருவில், எந்த வண்டியும் பக்கத்தில் இல்லாத ஒரு கடைப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி சரியாயிடுச்சுக்கா. தள்ளினாலும் விழாது."

"ஆயிருக்கும்மா, நான் இன்னா இல்லன்றனா?" தேசம்மா குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான் இங்கயே குந்திக்கறேன்."

ஜொவிட்டா வண்டியைத் தெருக்கோடிக்குத் தள்ளிக்கொண்டுபோய், ஆள் உட்கார இடமில்லாத டிரான்ஸ்பார்மர் வேலியோரம் நிறுத்திவிட்டு, ரத்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள்.