செம்பூர் மேடையில் என் பேஸ் கிட்டார்

என் நாட்குறிப்பில் போன ஞாயிறன்று, கடைசிப் பாட்டு முடிந்ததும் மேடையிலேயே, "செம்பூர் சர்ச் விழா. புது பெடல் அருமை" என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. மேடையில் என் பின்னால் இருந்த ஆம்ப் ஒலிபெருக்கியில் பேஸ் கும்மென்று கேட்டதால் நம்பிவிட்டேன். கூட்டத்துக்குத் தெளிவாகக் கேட்கவென்றே வாங்கிய, காலால் மிதித்துக் கிட்டார் ஒலியைக் கூட்டும் பெடல் அது.

மேடையிலிருந்து இறங்கியதும், கூட்டத்தில் நின்ற தாராவி நண்பன், அவனும் பேஸ் வாசிப்பவன், கேட்டான்: "ஏல, வாசிச்சியா, சும்மா தடவிக்கிட்டு நின்னியா? வெளிய ஒண்ணுமே கேக்கல."

ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் இருந்தவரிடம் ஓடினேன்.

"அரே பாய், கீபோர்டுக்காரர் இடது கையில பேஸ் வாசிக்கிறாருல்ல? அதான் வெளி ஸ்பீக்கர்ல உங்கள ஆஃப் பண்ணிட்டேன்," என்றார், சமோசாவைக் கடித்தபடியே.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அத்தனை பேர் முன்னால் என்னைப் பொம்மையாக நிற்கவைக்க இவர் யார்?

நண்பன் நான்காவது பாட்டுக்குத்தான் வந்தான். எப்போது ஆஃப் பண்ணினார் என்று அவரிடம் கேட்காமலே வந்துவிட்டேன். முதல் மூன்று பாட்டுகளாவது வெளியே கேட்டதா என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.