தம்பி வெளிக்குப் போகாத நாட்கள்

மூன்று வயதில் என் தம்பி வெளிக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

சாப்பிட்டான். விளையாடினான். ஆனால் போகவில்லை. உள்ளே போவதெல்லாம் எங்கே கிடக்கிறது என்று எனக்கு ஒரே யோசனை. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அவன் நித்திரையாகக் கிடக்கும்போது வயிற்றில் விரலால் தட்டிப் பார்ப்பேன். பூசணிக்காயைத் தட்டினால் வருகிற சத்தம் வந்தது. அதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அரசாங்கத்திடம் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு நாங்கள் வந்த புதிது. ஒரு மண்வீடு. சுற்றிவரப் பாதி வெட்டின காடு. கிணறு இன்னும் வெட்டவில்லை. வாய்க்காலில் அள்ளி, துணியில் வடித்துப் பானையில் வைப்போம். கக்கூசு ஒருவரிடமும் இல்லை. எல்லோருக்கும் காட்டோரம்தான். ஆண்கள் நினைத்த நேரம் போவார்கள். பெண்கள் விடிய முன்னம் போவார்கள், இல்லாவிட்டால் பொழுது பட்ட பிறகு. இடையில் போவதில்லை. அது வழக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வழக்கம் கிடையாது. தம்பியை விடிந்த பிறகு அம்மா பாலைமரத்தடியில் குந்த வைத்துவிட்டு, பக்கத்தில் சுள்ளி பொறுக்குவார்.

ஒருநாள் அங்கிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தான். பின்பக்கத்தில் கொஞ்சம் இரத்தம். என்ன நடந்தது என்று கேட்டால் அழுகைதான். அன்றோடு நிறுத்தினான்.

அம்மா தண்ணீரில் பழி போட்டார். ஐயாவின் தமக்கை, எங்கள் மாமி, அடுத்த காணியில் இருந்தார். அவர் சூட்டில் பழி போட்டார்.

"மச்சாள், பிள்ளை பச்சைத்தண்ணி குடிக்கிறதில்லை. ரொட்டியைத் திண்டுபோட்டு வெயிலுக்கை ஓடித்திரியுது. உள்ளுக்கை கல்லாய்ப் போயிருக்கும்."

மாமி ஆமணக்கெண்ணெய் கொண்டுவந்தார். மூக்கைப் பிடித்துப் பருக்கினார். தம்பி அதை மாமியின் சேலையிலேயே திருப்பிக் கொடுத்தான். அடுத்தது வெற்றிலைக் காம்பு. எண்ணெயில் தோய்த்துப் பின்பக்கத்தில் வைப்பது. காம்பைக் கண்டவுடன் தம்பி நெல்லுமூட்டைகளுக்குப் பின்னால் புகுந்துவிட்டான். மாமி இழுக்க, அவன் மூட்டையைக் கட்டிப்பிடிக்க, சாக்குத்தான் கிழிந்தது.

"உன்ரை கொப்பன்ரை பிடிவாதம் அப்பிடியே இருக்கு," என்றார் மாமி.

தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று அம்மா செம்போடு அவனைத் துரத்தியபடியே இருப்பார். தான் மட்டும் பகலில் ஒரு மிடறுக்கு மேல் குடிக்கமாட்டார்.

"உங்களுக்கு விடாய்க்காதோ அம்மா?"

"எனக்கு விடாய் குறைவு, பிள்ளை."

பெரிய ஆட்களுக்கு விடாய் குறைவு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தம்பி சில வேளைகளில் மூட்டைக்குப் பின்னால் போய் நிற்பான். கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, முகம் சிவந்து, நுனிக்காலில் நிற்பான். பாவம், முக்குகிறான், வருகுதில்லை என்றார்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவன் முக்கவில்லை. அடக்கினான். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும்வரை நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஆனால் எனக்கு மணி அடிக்கும். இவன் எதற்காகக் காத்து நிற்கிறான் என்று விளங்கவில்லை.

அவன் சாப்பாடும் குறைந்தது. வயிறு மட்டும் முன்னுக்கு வந்தது. அம்மா ட்ரங்குப்பெட்டியை இறக்கித் தட்டினார். எங்கள் சட்டைகளை மடித்து வைத்தார்.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்குச் சுகம் வராட்டில் நான் ரெண்டையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போறன்."

"வீட்டிலை ஆக்கள் இல்லாட்டில் காணியைத் திருப்பி எடுத்துப்போடுவாங்கள்," என்றார் ஐயா.

"எடுக்கட்டும். பிள்ளையைக் குடுத்தே காணி வாங்கிறது?"

பெட்டி வாசலோரம் திறந்தபடி கிடந்தது.

அன்று விளக்கு வைத்தபோது அம்மா முருகன் படத்துக்கு முன்னால் நேர்த்தி வைத்தார். பிள்ளை வெளிக்குப் போனால் கோயிலுக்குப் பால்செம்பு எடுப்பதாகச் சொல்லி, தம்பியைப் படத்துக்குக் கிட்டத் தள்ளினார். அவன் முருகனைப் பார்க்கவில்லை. முருகனுக்குக் கீழே பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்கு நடந்து குசினிக்குள் போய்விட்டான்.

சாமிக்கு முன்னால் ஏன் பின்பக்கத்தைப் பொத்த வேண்டும்? போய்க் கேட்டேன். காதுக்குள் சொன்னான்.

"அந்த மயில்தான் கொத்தினது."

விசாரித்ததில் இவ்வளவுதான் விஷயம். பாலைமரத்தடியில் அவன் குந்தியிருந்தபோது, இறுகிப்போனது கிழித்து நொந்திருக்கிறது. அதே நேரம் முதுகுக்குப் பின்னால் பற்றைக்குள் மயில் ஒன்று அகவியிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் மயில். தொட்டுப் பார்த்தால் இரத்தம். வேறென்ன நினைப்பான்? பிறகு மாமியும் மயிலின் சொண்டு மாதிரி ஒரு காம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

காலையில் வயலுக்குப் போய் ஐயாவிடம் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிவிட்டுக் கேட்டார். சிரிக்கவில்லை.

"கொம்மாட்டைச் சொல்லாதை. முருகன்ரை வாகனத்தைக் குற்றம் சொன்னதெண்டு அதுக்கும் அழுவா."

வீட்டுக்கு வந்து தம்பியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். நானும் போனேன்.

"இதிலை நாலு பக்கமும் கிடுகாலை அடைச்சா மயில் வருமோ?"

தம்பி யோசித்தான். "மேலாலை பறந்து வரும்."

"மேலையும் மேய்ஞ்சுவிட்டா?"

"கீழாலை?"

"கீழை பலகை போடுவம்."

தம்பி தலையாட்டினான்.

ஐயா அன்றே குழி வெட்டத் தொடங்கினார். வேலிக்கு மேலால் மாமி எட்டிப் பார்த்தார்.

"என்னடா, வீட்டுக்குக் கிட்டவோ? சனம் சிரிக்கப்போகுது."

"சிரிக்கட்டும், அக்கா."

"மூண்டு வயசுப் பொடிக்குக் கூரையும் கேக்குதோ?"

"ஓம், கேட்டவன்."

குழிக்கு மேல் இரண்டு பலகை. சுற்றிவரப் பின்னின தென்னோலைக் கிடுகு, மேலே கிடுகு, உள்ளே கொளுவுகிற படலை. ஐயா அதைத் தன் உயரத்துக்குக் கட்டினார். தம்பியின் அளவுக்கு ஏன் இவ்வளவு பெரிது என்று நான் கேட்டேன். அவன் வளருவான் என்றார்.

மாமி திட்டினாலும், தன் காணியில் தானாய் முளைத்த பப்பாசியில் பழுத்ததெல்லாவற்றையும் கொண்டுவந்து தந்தார். ஐயா ரொட்டியை நிற்பாட்டச் சொன்னார். கஞ்சியும் கீரையும் பழமும் கொடுத்தோம். எண்ணெயும் காம்பும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். காலைக் கஞ்சி குடித்தவுடன் அம்மா தம்பியை அந்தக் கிடுகு மறைப்புக்குள் கூட்டிப்போய் இருத்தி, ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நரிக்கதை சொல்வார். போ என்று சொல்வதில்லை. கதை முடிய எழும்பி வருவார்கள். முதல் சில நாள் கதை மட்டும் நடந்தது. தம்பி கூரையை அண்ணாந்து பார்த்து வந்தான்.

பிறகு ஒரு காலை உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். ஐயா சேற்றுக்காலோடு ஓடி வந்தார். மாமி வேலியால் புகுந்து வந்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். எங்கள் குடும்பம் அப்படி ஒற்றுமையாக ஒன்றைப் பார்த்து நின்றது அதுவரை இல்லை.

"தேங்காயளவு," என்றார் மாமி.

தம்பி தன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாப்பாடு கேட்டான். பால்செம்பு முருகனுக்கே போனது. மயில் தப்பியது.

அந்தக் கிழமையே அம்மா பெட்டியிலிருந்த சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் நல்ல உச்சி வெயில். தம்பி வளவில் விளையாடிக்கொண்டிருந்தான். கிடுகுப்படலையைத் திறந்துகொண்டு அம்மா வெளியே வந்தார். கால் கழுவினார். நேரே குசினிக்குப் போய்ப் பானையில் செம்பைத் தாழ்த்தி, ஒரே மூச்சில் குடித்தார். திரும்பவும் தாழ்த்திக் குடித்தார். தண்ணீர் கழுத்தால் வழிந்தது. துடைக்கவில்லை.

சுகம் வந்தது தம்பிக்கு, அம்மாவுக்கு ஏன் திடீரென்று இவ்வளவு விடாய் என்று நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.