தேம்ஸில் நான் சாய்ந்த பக்கம்

காட்டாறுகளிலும் ஏரிகளிலும் முப்பது வருடங்கள் வள்ளம் வலித்தவன் நான். எதிலாவது மோதினால் அதன் பக்கமே சாயவேண்டும், விலகினால் வள்ளம் கவிழும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சென்ற கோடையில், தண்ணீருக்குப் பயந்த மனைவியை வற்புறுத்தி வள்ளத்தில் ஏற்றி, லண்டனில் தேம்ஸ் ஆற்றில் கூட்டிச்சென்றேன். கடலுக்கு இறங்கும் நீரின் இழுவை, கட்டிக்கிடந்த ஓர் இரும்புச் சரக்குப்படகோடு எங்களைக் குறுக்காக அழுத்தியது. அதன் அடியில் தண்ணீர் உறிஞ்சப்படும் சத்தம் கேட்டதும் நான் மறுபக்கம் சாய்ந்துவிட்டேன். வள்ளத்துக்குள் தண்ணீர் புகுந்தது.

மனைவியோ சரக்குப்படகில் வரிசையாகத் தொங்கிய டயர்களில் ஒன்றைக் கட்டிப்பிடித்தாள். வள்ளம் நிமிர்ந்தது.

“இஞ்சாருங்கோ, என்னால விட ஏலாது!”

“விடாதையும்!”

டயர் டயராகப் பிடித்துக் கரைசேர்ந்தோம்.

“அந்தப் பக்கம் சாயவேணுமெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?”

“ஆருக்குத் தெரியும்? பயத்தில பிடிச்சனான். உங்களுக்குப் பயமில்லையோ?”

பழக்கத்தில் “இல்லை” என்றேன்.

எங்கள் வீடு இருக்கும் நோர்பரி வரும்வரை, ரயிலில் நடுங்கிக்கொண்டிருந்த என் முழங்காலில் அவள் கை இருந்தது.