தலைவலிக்குக் காத்திருந்த மதியம்

தனக்கொடி ஒயினில் என்னவோ கலக்குகிறாள் என்று முதலியார்பேட்டை சலூனில் பேச்சு. ஸ்பிரிட் என்றார் ஒருவர், தூக்கமாத்திரை என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒயின் குடித்ததில்லை. அந்த உறுதியைப் பார்த்துத்தான் விசாரிக்கக் கிளம்பினேன்.

தனக்கொடி மில் தொழிலாளியின் மகள். மில் மூடியதும் ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனவள், பதினோரு வருஷத்தில் ஒயின் பரிமாறும் இடத்துக்கு வந்திருந்தாள். புகார் கொடுத்தவர் அங்கே வாடிக்கையாக வரும் அந்துவான், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்; ஓட்டலில் எல்லாருக்கும் அவர் 'முசே', அதாவது ஐயா.

"நாப்பது வருஷமா ரெண்டு கிளாஸ் சிவப்பு ஒயின். ஒருநாளும் வலிச்சதில்ல. இந்த மாசம் மூணு தரம் மண்டை பொளக்குது!"

முதலாளி செல்வகுமார் தீர்ப்புக்கு வழி கண்டார். ஞாயிறு மதியம் அதே ஒயினில் சீல் உடையாத பாட்டிலை அவரே திறந்து ஊற்றுவார். தனக்கொடி கிட்டேயே வரக்கூடாது. தலை வலித்தால் குற்றம் ஒயினுடையது. மூன்று மணி வரை வலிக்காவிட்டால் அவளுடையது, வேலை போச்சு.

ஆக, ஒரு மனுஷனுக்கு மண்டையிடி வரவேண்டும் என்று சமையலறையே வேண்டிக்கொண்டது.

"போன மாசம் வேற ஒயின் மாத்திட்டாங்க சார், கேபர்நே திராட்சையில பண்ணது," என்றாள் தனக்கொடி. "லேபிளப் பாருங்க முசேன்னேன். எனக்கே பாடம் எடுக்கிறியான்னாரு."

அவள் சந்தேகம் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் உண்டு. நல்ல வெயிலில் பழுத்த கேபர்நே திராட்சைத் தோலில் குவெர்செட்டின் என்றொரு பொருள் அதிகமாம். கல்லீரல் ஆல்கஹாலை முதலில் விஷமாக்கி, பிறகு அந்த விஷத்தை முறிக்கிறது. குவெர்செட்டின் உடம்பில் உருமாறி, முறிக்கிற வேலைக்குக் குறுக்கே நிற்கிறதாம். சோதனைக்குழாயில் பார்த்தது, மனிதத் தலையில் இன்னும் நிரூபிக்கவில்லை. இங்கே ஒரு தலை தயாராக இருந்தது.

ஒன்றரை மணிக்குள் இரண்டு கிளாஸும் காலி.

"வலிக்குதா முசே?" என்றார் செல்வகுமார்.

"இல்ல."

இரண்டரைக்கு முகம் செம்பருத்தியாகிவிட்டது. "இப்ப?"

"பட்டாளத்துக்காரன்யா நான்!"

செல்வகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். தனக்கொடியின் கை ஏப்ரன் முடிச்சுக்குப் போனது. உள்ளே கரண்டி விழுந்த சத்தத்துக்கு அந்துவான் கண்ணை இறுக்கி மூடினார். தொப்பியை நெற்றிக்கு இழுத்தார். மூன்றுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது அவளை ஜாடையாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக் கிசுகிசுத்தார்:

"தைலம் வச்சிருக்கியா?"

"தலைவலிக்கா முசே, இல்ல கொசுக்கடிக்கா?" என்றாள் அவள், ஊரே கேட்கிற மாதிரி.

செல்வகுமார் தொண்டையைச் செருமினார். "நீ போய் உன் மேசையப் பாரும்மா."

அந்துவான் இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறார். லேபிளை மூக்குக்கிட்ட வைத்துப் படித்துவிட்டு வேறு ஒயின் கேட்கிறார்.

"என் தைல டப்பா எங்க முசே?"

"அடுத்த வாரம் கொண்டாறேன்."

இது ஆறாவது அடுத்த வாரம்.